வீட்டுச் சாமானுக்கும் கியூப் கணக்கு உண்டு

"நானா, ஒரு லொறி சாமான்தான் இருக்கு." வீடு மாறுவதற்கு லொறி பேச வருகிறவர்களில் அநேகர் மாத்தளையில் என்னிடம் சொல்லும் கணக்கு இதுதான். கண்மதிப்பை நம்பி வாடகை பேசினால், ஒன்றில் லொறி பாதி காலியாகப் போகும்; இல்லையேல் இரண்டாம் நடைக்கும் பணம் கட்ட நேரிடும்.

இரண்டாம் நடைக்கு வழியே இல்லாத சந்தர்ப்பமும் உண்டு. களுகங்கைத் திட்டத்துக்காக நமது மாவட்டத்தின் லக்கல பல்லேகம நகரமே இடம் மாறியது. 2018இல் நீர்த்தேக்கத்தை நிரப்பத் தொடங்கினார்கள். தண்ணீர் ஏறும் இடத்தில் மீதிச் சாமானை அடுத்த மாதம் வந்து ஏற்ற முடியுமா?

கணக்கு இலேசானது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கினால் கன அடி வரும். மணல் வாங்கும்போது சொல்லும் ஒரு கியூப் என்பது 100 கன அடி. உட்பக்கம் 14 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி உயரமுள்ள லொறி 504 கன அடி, அதாவது ஏறத்தாழ 5 கியூப் கொள்ளும்.

உதாரணத்துக்கு ஒரு வீட்டை எடுப்போம்:

அலுமாரி இரண்டு - 96
பிரிட்ஜ் - 20
சோபா செட் - 108
சாப்பாட்டு மேசையும் ஆறு கதிரையும் - 78
கழற்றிய கட்டில் இரண்டு, மெத்தையோடு - 50
காட்போட் பெட்டி இருபது - 68

மொத்தம் 420 கன அடி. 504 கொள்ளும் லொறியில் தாராளமாக அடங்கும் என்று நினைப்போம். அடங்காது. கதிரைக் கால்களுக்கு இடையிலும் சோபாவுக்கு மேலும் வீணாகும் இடத்துக்காகக் கால்பங்கு கூட்ட வேண்டும். அப்போது 525 ஆகிறது.

இதற்காகப் பெரிய லொறி தேட வேண்டியதில்லை. 5 அடிக்கு 3 அடி மேசை, இரண்டரை அடி உயரத்தோடு நின்றால் 37.5 கன அடி பிடிக்கும். கால்களைக் கழற்றி அரை அடிக் கனமாகக் கட்டினால் 7.5 போதும். 30 மிச்சம். இப்போது சாமான் 390; கால்பங்கு கூட்டினால் 487.5. ஒரே நடையில் போய்விடும்.

கடைச் சாமானும் சேர்ந்து போவதானால் நிறையையும் பாருங்கள். அரிசி மூட்டையும் சீமெந்தும் இடம் நிரம்பும் முன்பே லொறியின் பாரத்தை நிரப்பிவிடும்.

லொறி பேசப் போகுமுன் டேப்பை எடுத்து அளந்து எழுதுங்கள். லொறியின் உள்ளளவையும் கேளுங்கள். துண்டு கையில் இருந்தால், ஏற்றும் நாளில் வாடகைத் தகராறுக்கு இடமிருக்காது.