வீட்டில் ஒருவர் மாறிப்போனால்…

தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் தன்வந்திரி சந்நிதியில் உடல்நோய் தீர வேண்டிக்கொள்கிறோம். மனநோயும் நோய்தான். வேண்டுதலோடு வைத்தியமும் வேண்டும்.

பெரும்பாலும் முதலில் கெடுவது தூக்கம். விடிவதற்கு வெகுமுன்பே விழிப்பு, பசியின்மை, பிடித்த வேலையிலும் நாட்டமின்மை, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற பேச்சு, இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம். நம் பெரியவர்கள் பலர் மனசு சரியில்லை என்று சொல்ல மாட்டார்கள். மேல்வலி, தலைபாரம் என்றுதான் சொல்வார்கள். பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால் 'நடிப்பு' என்று தள்ளிவிடாதீர்கள்.

திடீர்ப் படபடப்பும் மூச்சடைப்பும் சாவு பயமும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் அடங்கினால், அது பீதித் தாக்குதலாக இருக்கலாம். முதல்முறை என்றால் இதயத்தையும் பரிசோதித்துவிடுங்கள்.

யாருமில்லாதபோது குரல் கேட்கிறது, சோற்றில் விஷம் கலந்துவிட்டார்கள் என்பவரிடம் வாதாட வேண்டாம். காத்து கருப்பு என்று அலைந்து நாளைக் கடத்தவும் வேண்டாம். தாமதிக்கத் தாமதிக்கக் குணமாவது கடினம். கட்டிவைப்பது கொடுமை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள்.

சாவைப் பற்றிப் பேசுகிறவரிடம், "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வளராது. வீட்டிலுள்ள பூச்சிமருந்தை உடனே அப்புறப்படுத்துங்கள், அவரைத் தனியே விடாதீர்கள். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகலாக, கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.