மனவுளைச்சலும் இரத்தச் சர்க்கரையும்

நம் மக்கள் ‘இனிப்பு நீர்’ என வழங்கும் நீரிழிவு, முதியோருக்கு மட்டுமே உரிய நோயன்று. பள்ளிச் சிறாரையும் பற்றும். சிறாரில் பலருக்கு வருவது முதல் வகை நீரிழிவு. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுவதால் இது உண்டாகிறது. இனிப்பை மிகுதியாக உண்டதால் அன்று. ஆகவே, இச்சிறார் நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். 1922ஆம் ஆண்டு கனடாவின் டொராண்டோ நகரில் இம்மருந்தை முதன்முதலாகப் பெற்றவனும் 14 வயதுச் சிறுவனே. அவன் பெயர் லெனார்ட் தாம்சன்.

உணவு, ஊசி, உடலுழைப்பு ஆகிய மூன்றும் அளவோடு அமைய வேண்டும் என்பதைப் பலரும் அறிவர். நான்காவதாக ஒன்று உண்டு. அதுவே மனவுளைச்சல்.

தேர்வு அச்சம், தோழர்களின் கேலி, வீட்டில் நிகழும் பூசல் ஆகியவற்றால் மனம் கலங்கும்போது, சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள சுரப்பிகள் அட்ரினலினையும் கார்ட்டிசோலையும் இரத்தத்தில் மிகுதியாகக் கலக்கின்றன. இவற்றின் தூண்டுதலால் கல்லீரல் தான் சேமித்த சர்க்கரையை வெளிவிடுகிறது. இன்சுலினின் வேலையும் தடைப்படுகிறது. நலமுள்ள உடல் கூடுதல் இன்சுலினைச் சுரந்து இதனைச் சரிசெய்துகொள்ளும். நீரிழிவுள்ள சிறுவனின் உடலுக்கு அது இயலாது. எனவே, இனிப்பைத் தொடாமலேயே அவனுக்குச் சர்க்கரை ஏறக்கூடும்.

பெற்றோர்களே! அளவு கூடியதும், “எதைத் திருடித் தின்றாய்?” என்று அதட்டாதீர்கள். அஞ்சிய பிள்ளை அடுத்த முறை அளவை மறைப்பான், ஊசியையும் தவிர்ப்பான். “இன்று பள்ளியில் என்ன நடந்தது?” என்று அன்போடு கேளுங்கள்.

கலக்கத்தால் உண்ணாமல், ஊசி மட்டும் போட்டுக்கொண்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். அப்போது தோன்றும் வியர்வை, நடுக்கம், படபடப்பு ஆகியவை தேர்வு அச்சம் போலவே தோன்றும். ஊகிக்காமல் உடனே இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். அளவு 4 மில்லிமோலுக்குக் கீழ் இருந்தாலும், சோதிக்க வழியில்லாவிட்டாலும், மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த நீரைக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். நினைவிழந்தவனுக்கு வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க.

மாணவர்களே! இது தொற்றுநோய் அன்று. ஊசி போட்டுக்கொள்ளும் தோழனை எள்ளி நகையாடாதீர்கள். உங்கள் கேலி அவன் மனத்தை மட்டுமன்றி, அவன் குருதியையும் தாக்கும். அவனோடு சேர்ந்து விளையாடுங்கள். அவன் தளர்ந்தால் ஆசிரியரை அழையுங்கள். மருந்தின் பயன் முழுமை பெற, உங்கள் அன்பும் துணை நிற்கட்டும்.