நான்கு கிளை, ஒரு சுரங்கம்

கேள்வி: பாஸ்டனில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, பச்சை வழித்தடத்தில் 'பி' ரயில் இரண்டு அடுத்தடுத்து வந்தது. எங்களுக்கு வேண்டிய 'சி' வரக் காணோம். எந்தக் கிளைக்கு எத்தனை ரயில் என்று எப்படிப் பிரிக்கிறார்கள்?
- வாசகர், சேலம்

பதில்: பி, சி, டி, இ என்று நான்கு கிளைகள். ('ஏ'வும் இருந்தது, 1969-இல் நிறுத்திவிட்டார்கள்.) நகர மையத்தில் எல்லாமே ஒரே சுரங்கத்துக்குள் நுழைந்தாக வேண்டும். அதன் பழைய பகுதி 1897-இல் திறந்தது. ஆகவே முதல் கணக்கு, சுரங்கம் எத்தனை ரயிலைத் தாங்கும் என்பதுதான். கிளைக்கு 8 நிமிடத்துக்கு ஒன்று விட்டாலே சுரங்கத்தில் மணிக்கு 30. அதாவது 2 நிமிடத்துக்கு ஒன்று. அதற்குமேல் 'பி'க்கு ஒன்று கூட்ட, இன்னொரு கிளையின் பங்கில்தான் கைவைக்க வேண்டியிருக்கும். கூட்டம் அதிகமென்றால் ரயிலைக் கூட்டாமல் பெட்டியைக் கூட்டலாம் என்பது என் கட்சி.

நீங்கள் பட்ட பாட்டுக்கு அட்டவணையை மட்டும் குறைசொல்ல முடியாது. பி, சி இரண்டும் சாலை நடுவே சிக்னலுக்குச் சிக்னல் நின்று வருபவை. ஒன்று தாமதமானால் நிறுத்தத்தில் கூட்டம் சேரும். எல்லோரும் ஏறி முடிவதற்குள் பின்னால் வருவது ஒட்டிக்கொள்ளும். டி மட்டும் பழைய ரயில்பாதையை மாற்றி 1959-இல் திறந்த தனித்தடம்.

அடுத்த முறை கென்மோர் நிலையத்திலிருந்து நகர மையத்துக்குப் போவதானால் எந்த எழுத்து வந்தாலும் ஏறுங்கள். வீடு திரும்பும்போது எழுத்தைப் பார்த்தால் போதும்.