மதிலில் அவரவர் பங்கு

வேத பாடம்: நெகேமியா 3-ம் அதிகாரம்



பெயர்ப் பட்டியல் என்று நம்மில் அநேகர் வேகமாய்த் தாண்டிப்போகும் அதிகாரத்தை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இறையியல் கல்லூரி நாட்களில் நானும் தாண்டிப் போனவன்தான். வார்டுகளில் நடக்கத் தொடங்கிய பிறகே அதை நிதானமாய் வாசித்தேன். வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தொடர்ந்து படியுங்கள்.

எருசலேமின் அலங்கம் இடிந்து கிடந்தது. கட்ட வந்தவர்கள் யாரென்று பாருங்கள். பிரதான ஆசாரியராகிய எலியாசிப் ஆட்டுவாசலில் தொடங்குகிறார். எரிகோவின் மனுஷர் வருகிறார்கள். தட்டாரும் தைலக்காரரும் கட்டுகிறார்கள் (வச. 8). சல்லூம் தம் குமாரத்திகளோடு வருகிறார் (வச. 12). ஒரு மாகாணத்துப் பிரபு குப்பைமேட்டு வாசலைப் பழுதுபார்க்கிறார் (வச. 14). கொத்தனார் என்று ஒருவர் பெயர்கூட அங்கே இல்லை! அதிகாரத்தின் முற்பகுதியில் திரும்பத் திரும்ப வரும் சொல் ‘அருகே’ என்பது. அநேகர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பங்கைத்தான் கட்டினார்கள். ஆனால் பக்கத்துப் பங்கில் திறப்பு விழுந்திருந்தால் இவர்கள் கட்டியதும் வீணே. வேலை 52 நாளில் முடிந்தது (6:15).

இருவரைக் குறித்துச் சற்று நிற்போம். தெக்கோவா ஊரின் பிரபுக்கள் வேலைக்குத் தோள் கொடுக்கவில்லை (வச. 5). அதே ஊரின் ஜனங்களோ தங்கள் பங்கை முடித்து இன்னொரு பங்கையும் கட்டினார்கள் (வச. 27). மெசுல்லாம் என்பவர் தம் அறைக்கு எதிரே கட்டினார் (வச. 30). அவர் மகளை மணந்தவன் எதிரியாகிய தொபியாவின் மகன் (6:18). இந்தச் சம்பந்தத்தை எழுதிவைத்த நெகேமியாவின் புஸ்தகமே, மெசுல்லாம் கட்டிய பங்கையும் மறைக்காமல் எழுதியிருக்கிறது.

நம் நாட்டிலும் இவ்விதம் கட்டியவர்கள் உண்டு. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே கட்டிலோடு மருத்துவ ஊழியத்தைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டபோது வெவ்வேறு மிஷன்கள் சேர்ந்து அதைத் தாங்கின. சபைகளின் ஐக்கியத்துக்கோ அப்போது வழி பிறக்கவில்லை. அசரியா அத்தியட்சர் முதலானோர் தரங்கம்பாடியில் கூடி ஐக்கிய அறிக்கை வெளியிட்டது 1919 மே மாதத்தில். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27-ல். பேச்சுவார்த்தைக்கு 28 ஆண்டுகள் சென்றன. அசரியா அதைக் காணாமலே 1945-ல் மரித்தார். லுத்தரன் சபைகள் அதில் சேரவுமில்லை; ஆயினும் வேலூர் ஊழியத்தின் பங்காளிகளில் அவர்களும் உண்டு. நோயாளியின் காய்ச்சல் 28 ஆண்டு காத்திருக்குமா?

எங்கள் ஊர்க் காரியம் ஒன்றையும் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதியவர் எங்கள் வார்டில் மரித்தார். ஒரு சபையில் ஞானஸ்நானம் பெற்று, பின்பு வேறொரு சபைக்குப் போனவர். முந்தின சபையார், “பெயரை எடுத்தாயிற்று” என்றார்கள். பிந்தின சபைக்குக் கல்லறைத் தோட்டமே இல்லை. அவருடைய மனைவி சவக்கிடங்கின் வாசலில் மாலைமட்டும் உட்கார்ந்திருந்தார். நான் மூன்று போதகர்களைப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொருவரும் தங்கள் சபைச் சட்டத்தைச் சொன்னார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. கடைசியில் ஊர்ப் பொது மயானத்தின் ஓரத்தில் அடக்கம் செய்தோம். நான் ஜெபித்தபோது குழி வெட்டிய இரண்டு இந்துச் சகோதரர்கள்தான் கைகூப்பி நின்றார்கள். அந்த அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அதன்பின் போதகர்கள் எல்லாரையும் மருத்துவமனைக்கு அழைத்தோம். முதல் கூட்டம் திருவிருந்தைப் பற்றிய தர்க்கத்திலேயே போயிற்று. (ஆரம்பித்தவன் நானே. இறையியல் படித்தவனுக்கு வாய் சும்மா இராது.) இரண்டாம் கூட்டத்தில் வேலையை மட்டும் பேசினோம். இன்று ஒரு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் நோயாளிகளோடு தங்கியிருப்பவர்களுக்குக் கஞ்சி கொண்டுவருகிறார்கள். கத்தோலிக்கச் சகோதரிகள் மரணப்படுக்கையில் இருப்பவர்களோடு இரவில் உட்காருகிறார்கள். இரத்தம் வேண்டுமென்றால், முதலில் வந்து நிற்பவர்கள் பெந்தெகொஸ்தே வாலிபர்கள். ஜெபிக்கும் விதத்தில் மட்டும் அவரவர் வழக்கம் அவரவருக்கு. சத்தத்தை மாத்திரம் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருக்கிறோம்.

கல்லறைத் தோட்டக் காரியம்? இரண்டு சபைகள் தங்கள் தோட்டத்தில் மற்றவர்களுக்கும் இடம் கொடுக்கச் சம்மதித்தன. மூன்றாவது சபையின் கமிட்டி இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் அதே சபையின் சாதாரண விசுவாசிகள் சிலர், கேட்காமலே வந்து, ஆளில்லாத அடக்கங்களில் பெட்டி தூக்குகிறார்கள். அவர்களைக் காணும்போதெல்லாம் எனக்குத் தெக்கோவா ஊரார் ஞாபகம் வருகிறது.

இப்பாடத்தை உங்கள் வேதபாட வகுப்பில் படிக்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் சபையில் பெயரில்லாத ஏழை விசுவாசி ஒருவர் உங்கள் தெருவில் மரித்தால் எங்கே அடக்கம் செய்வீர்கள் என்று உங்கள் போதகரிடமும் கமிட்டியாரிடமும் கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் எனக்கு எழுதுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்