கியர் இறுகி விழும் பழைய மோட்டார் வண்டி: குறை காணும் முறை

மேட்டுப்பாளையம், காரமடை, சிறுமுகைப் பகுதிகளில் தோட்டமுடையோர் சிலர் பழைய அம்பாஸிடர் காரையும் ஜீப்பையும் இன்னும் உபயோகித்து வருகின்றனர். அம்பாஸிடர் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுபோயினும், மண்டிக்குப் போய்வரவும், உரமூட்டை கொண்டுவரவும், மலைமேலுள்ள ஊர்களுக்குச் செல்லவும் அவ்வண்டிகள் உதவுகின்றன. அவற்றைப் பற்றி அடிக்கடி கூறப்படும் குறை, கியர் எளிதில் விழுவதில்லை என்பதாகும். இக்குறை நேர்ந்தவுடன் சிலர் கம்பியைப் பலங்கொண்டு தள்ளுகின்றனர். சிலர் கியர் பெட்டியை அவிழ்த்துவிடச் சொல்லுகின்றனர். இரண்டும் தவறு. பெட்டியை அவிழ்ப்பது கடைசி வேலையேயன்றி முதல் வேலையன்று. கியர் எந்த நிலையில் இறுகுகிறது என்பதை முதலில் அறிந்துகொண்டால், செலவில்லாமலே குறையின் இருப்பிடம் பெரும்பாலும் விளங்கிவிடும்.

மலைப்பாதையில் இதன் முக்கியம்

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 330 மீட்டர் உயரத்திலும், குன்னூர் 1,700 மீட்டருக்கு மேலும் உள்ளன. 1899-ஆம் ஆண்டில் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய மலை ரயில், கல்லாறு முதல் பல்தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டே ஏறி இறங்குகிறது. மோட்டார் வண்டிக்கு அத்தகைய பற்றுதலைக் கொடுப்பது தாழ்ந்த கியரேயாகும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். அவ்வேளையில் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதற்கு மாற்ற முயன்று, கம்பி நியூட்ரலில் நின்றுவிட்டால், வண்டியைத் தடுப்பது எதுவுமில்லை. ஆகையால் சமவெளியில் வெறும் தொந்தரவாகத் தோன்றும் இக்குறை மலையில் உயிருக்கே அபாயமாகும்.

கிளச்சும் கியரும் செய்யும் வேலை

நடை வேறுபட்ட இரு காளைகளை ஓடும்போதே ஒரு நுகத்தில் பூட்ட முடியாது. அதுபோலவே, வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு பற்சக்கரங்களைச் சேர்த்தால் அவை உரசிச் சத்தமிடும். கிளச்சை மிதிக்கும்போது என்ஜினின் இழுப்பு கியர் பெட்டியினின்று பிரிகிறது. பிறகு பெட்டியினுள் இருக்கும் பித்தளை வளையங்கள் உராய்ந்து இரு பாகங்களின் வேகத்தையும் சமப்படுத்துகின்றன. இவ்வமைப்பிற்குச் சிங்க்ரோமெஷ் என்று பெயர். இது 1928-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காடிலாக் கார்களில் முதன்முதல் வந்தது. கிளச்சு முழுவதும் பிரியாவிடினும், வளையம் தேய்ந்துவிடினும் கியர் இறுகும்.

முதற் சோதனை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்கவும். என்ஜினை நிறுத்திக் கிளச்சை மிதித்து, எல்லாக் கியர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கவும். ஒரு கியர் விழாவிடில் வண்டியைச் சற்று நகர்த்தி மறுபடியும் முயலவும்; பல்லுக்குப் பல் முட்டி நிற்பதும் உண்டு. பிறகு நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டு அவ்வாறே பார்க்கவும்.

1. என்ஜின் நின்றபோது எளிதாகவும், ஓடும்போது கடினமாகவும் இருந்தால் குறை கிளச்சைச் சேர்ந்தது.

2. இரு நிலையிலும் கடினமாயிருந்தால் குறை கம்பி, இணைப்புகள், அல்லது பெட்டியைச் சேர்ந்தது.

3. வண்டி ஓடுகையில் ஒரு கியர் மட்டும் உரசினால் அக்கியரின் சிங்க்ரோமெஷ் வளையத்தைச் சந்தேகிக்கலாம். ஆயினும் பழைய வண்டிகள் பலவற்றில் முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் அவ்வளையமே கிடையாது. வண்டி முற்றும் நின்றபின்பே அவற்றைப் போடவேண்டும்.

4. காலையில் கடினமாயிருந்து, சிறிது தூரம் ஓடியபின் இளகினால், பெட்டியிலுள்ள எண்ணெய் அளவுக்கு மீறித் தடித்தது என்று கொள்ளலாம்.

கிளச்சுக் குறைகள்

என்ஜின் மெதுவாக ஓடுகையில் கிளச்சை முழுவதும் மிதித்து, நாலைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடவும். அப்போதும் உரசினால் கிளச்சு முழுவதும் பிரியவில்லை என்பது உறுதி. முதலில் பெடலின் கீழே பார்க்கவும். மடிந்த மிதியடி ஒன்று பெடலைத் தடுப்பதாலேயே இக்குறை நேர்வதுண்டு. பிறகு பெடலைக் கையால் அழுத்தி, கனம் தட்டுமுன் அது சும்மா இறங்கும் தூரத்தை அளக்கவும். வண்டியின் கையேட்டில் கூறிய அளவினும் அது மிகுந்தால் கிளச்சு பிரியாது. அறவே இல்லாவிடில் கிளச்சு வழுக்கித் தேயும்.

கேபிள் உள்ள வண்டியில் அதன் இரு முனைகளிலும் இழை அறுந்துள்ளதா என்று பார்க்கவும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கிளச்சாயின் மேலுள்ள கிண்ணத்தின் அளவைக் கவனிக்கவும். பெடலை இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து மிதித்தால் கியர் எளிதில் விழுமாயின், குழாயில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது சிலிண்டர் ரப்பர் தேய்ந்திருக்கலாம். அதற்குரிய பிரேக் ஆயிலைத் தவிர வேறு எண்ணெயை ஊற்றினால் ரப்பர் ஊதிக் கெடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையதாகையால், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நலம்.

மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் நின்ற வண்டியில் கிளச்சுத் தட்டு துருவேறிப் பிளைவீலில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. வாரம் ஒருமுறை சிறிது தூரம் ஓட்டுவதே இதைத் தடுக்கும் வழி. பழைய தட்டின் தூளில் கல்நார் இருக்கக்கூடும். அது நுரையீரலுக்குக் கேடாகையால் காற்றடித்து ஊதலாகாது.

இணைப்புகளும் எண்ணெயும்

ஸ்டியரிங்கின் பக்கத்தில் கியர்க் கம்பி அமைந்த கார்களில் நீண்ட தண்டுகளும் புஷ்களும் பல உண்டு. புழுதியும் காய்ந்த கிரீஸும் சேர்ந்து அவை இறுகிவிடும். அவற்றைத் துடைத்துப் புது கிரீஸ் இட்டு, தேய்ந்த புஷ்களை மாற்றினாலே பல வண்டிகள் சீர்படும். என்ஜினையும் கியர் பெட்டியையும் தாங்கும் ரப்பர்கள் அமுங்கினாலும் தண்டுகளின் நேர் தவறிவிடும்.

எண்ணெய் பார்க்கையில் வண்டி சமதரையில் நிற்கவேண்டும். அடியில் புகுமுன் ஜாக்கை மட்டும் நம்பாமல் உறுதியான தாங்கிகளை வைக்கவேண்டும். ஊற்றும் துவாரத்தின் மூடி கழலுகிறதா என்று அறிந்தபின்பே வடிகால் மூடியைத் திறக்கவும். இல்லாவிடில் எண்ணெய் வடிந்த வண்டி நின்ற இடத்திலேயே கிடக்கும். பொதுவாகப் பக்கத் துவாரத்தின் விளிம்புவரை எண்ணெய் நிற்பது சரியான அளவு. வடித்த எண்ணெயில் பித்தளைப் பொடி மிகுந்திருந்தால் வளையங்கள் தேய்கின்றன. இரும்புத் துண்டுகள் கண்டால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டவேண்டும்.

பின் அச்சுக்கு வாங்கிய எண்ணெயையே கியர் பெட்டியிலும் ஊற்றுவது பெருந்தவறு. பின் அச்சுக்குரிய ஜி.எல்.5 ரகத்திலுள்ள கந்தக மருந்துகள் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும்; மேலும் அதன் மிகுந்த வழவழப்பால் வளையம் பிடிக்காமல் நழுவலாம். பழைய கியர் பெட்டிகள் பலவற்றிற்கு ஜி.எல்.4 ரகமே ஏற்றது. சிலவற்றிற்கு என்ஜின் எண்ணெயே விதிக்கப்பட்டுள்ளது. ஆகையால் கடைக்காரர் சொல்லைவிடக் கையேடே பிரமாணம்.

பழுது தீரும்வரை

தாழ்ந்த கியருக்கு மாற்றும்போது இரட்டைக் கிளச்சு முறை உதவும். கிளச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளச்சை விட்டுச் சிறிது ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, மறுபடி மிதித்துக் கியரைப் போடவேண்டும். வளையம் செய்யவேண்டிய வேலையை இதனால் ஓட்டுபவரே செய்கிறார். ஆனால் கிளச்சே பிரியாத வண்டிக்கு இம்முறை மருந்தாகாது. அத்தகைய வண்டியை மலைக்குக் கொண்டுபோகவே கூடாது.

மலையிறங்குவோர் இறக்கம் தொடங்குமுன்பே தாழ்ந்த கியரைப் போட்டுக்கொள்ளவும். பெட்ரோல் மிச்சமென்று நியூட்ரலில் விடுவது எக்காலத்தும் ஆகாது. ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவதும் விதி.

சுருங்கக் கூறின், முதலில் மிதியடி, அடுத்து பெடலின் அளவு, பின்பு கேபிள் அல்லது பிரேக் ஆயில், தண்டுகள், கியர் எண்ணெய் என்ற வரிசையில் பார்க்கவேண்டும். இவ்வளவும் சரியாயிருந்தும் கியர் விழாவிடில் மட்டுமே கிளச்சையோ பெட்டியையோ அவிழ்க்கலாம். அரசு ஜீப்புகளைப் பொறுப்பில் வைத்திருக்கும் உத்தியோகஸ்தர்களும் இவ்வரிசையைக் கையாண்டு, எப்போது எந்த எண்ணெய் ஊற்றப்பட்டது என்பதை வண்டிப் புத்தகத்தில் குறித்து வைப்பது நலம். அடுத்து அவ்வண்டியைத் தொடுபவருக்கு அக்குறிப்பே முதல் உதவியாகும்.