சுவருக்கும் சேர்த்துத்தான் விலை

மேடவாக்கம் பக்கம் இரண்டு படுக்கையறை ஃப்ளாட். 1,150 சதுர அடி, அடி 7,000 ரூபாய், மொத்தம் 80.5 லட்சம். அட்வான்ஸ் கொடுக்க நாள்கூடப் பார்த்தாகிவிட்டது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மனைவியின் பெரியப்பா ஊரிலிருந்து வந்தார். நாற்பது வருடம் கொத்தனார் மேஸ்திரியாக இருந்தவர். பையில் மாற்றுத்துணி இருந்ததோ இல்லையோ, ஸ்டீல் டேப் இருந்தது.

பால்கனியை விட்டுவிட்டு, ஹாலில் தொடங்கி பாத்ரூம் வரை அளந்தோம். செல்போனில் கூட்டினால் 765 வந்தது. இன்னொரு முறை கூட்டினேன். அதே 765.

"மிச்சம் 385 அடி எங்க பெரியப்பா?"

"கொஞ்சம் சுவத்துக்குள்ள இருக்கு மாப்ளே. மீதி மாடிப்படியிலயும் லிஃப்ட்டுலயும் கிடக்கு. சுவத்துக்கும் நீங்கதான் காசு குடுக்கணும்."

ஏமாற்றுகிறார்கள் என்று நான் கொதித்தேன். மறுநாள் வரைபடத்தை வாங்கி உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒரே வீட்டுக்கு நாலு அளவு, நாலும் உண்மை.

அறை அறையாக டேப் காட்டியது 765. அறைகளுக்கு நடுவே உள்ள நாலரை அங்குலத் தடுப்புச் சுவர்கள் நின்றிருக்கும் இடத்தையும் சேர்த்தால் 805. இதுதான் கார்பெட் ஏரியா. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (எல்லோரும் 'ரெரா' என்கிறோமே, அது) இதற்குத் தெளிவான வரையறை கொடுத்திருக்கிறது: உள்சுவர் சேரும், வெளிச்சுவர், குழாய்கள் இறங்கும் டக்ட், நமக்கு மட்டுமேயான பால்கனி, மொட்டைமாடி சேராது. 'கம்பளம் விரிக்கக்கூடிய இடம்' என்று பேச்சுவழக்கில் சொல்வது சுமாராகத்தான் சரி. சுவர் மேல் யார் கம்பளம் விரிப்பார்கள்?

அந்த வெளிச்சுவரும் டக்ட்டும் பால்கனியும் சேர்ந்தால் 920. சென்னையில் இதைப் பிளிந்த் ஏரியா என்பார்கள். அதன் மேல் மாடிப்படி, லிஃப்ட், நடைவழி, வாட்ச்மேன் அறை என்று பொது இடங்களில் நம் பங்கை ஏற்றினால் 1,150. சூப்பர் பில்ட்-அப். விளம்பரப் பலகையில் இருப்பது இதுதான்.

"லோடிங் வெறும் 25 சதவீதம்தான் சார்" என்றார் விற்பனைப் பையன். 920-க்கு 25 சதவீதம் போட்டால் 1,150, கணக்கு சரிதான். ஆனால் நாம் புழங்கப்போகும் 805-ஐ வைத்துப் பார்த்தால் ஏற்றம் கிட்டத்தட்ட 43 சதவீதம். ஆகவே லோடிங் எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், எதன் மேல் என்றும் கேளுங்கள்.

அன்றிலிருந்து நான் ஒரே ஒரு வகுத்தல்தான் போடுகிறேன்: மொத்த விலையைக் கார்பெட் ஏரியாவால் வகுப்பது. இந்த வீடு அடி 10,000 ரூபாய். இரண்டு தெரு தள்ளி இன்னொரு ஃப்ளாட்டை, 1,050 அடிதான், அதுவும் அடி 7,500 என்று ஒதுக்கிவைத்திருந்தோம். மொத்தம் 78.75 லட்சம். அதன் கார்பெட் ஏரியா 790. வகுத்தால் அடி 9,970-க்கும் கீழே! நூறு அடி சிறியது, ஐந்நூறு ரூபாய் அதிகம் என்று நினைத்த வீட்டில் உள்ளே குறைந்தது 15 அடிதான். அதையே வாங்கினோம்.

மனை 500 சதுர மீட்டருக்கு மேல், அல்லது வீடுகள் எட்டுக்கு மேல் என்றால், புதுத் திட்டங்கள் ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கவும் கூடாது. அந்த ஒப்பந்தத்தில் கார்பெட் ஏரியா எண்ணாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வாய்ப்பேச்சில் வரும் 'சுமார்' அங்கே வரக்கூடாது.

நாலு சுவருக்குள் இவ்வளவு மல்லுக்கட்டிய நான், கீழே இருந்த மண்ணைக் கிட்டத்தட்ட மறந்துவிட்டேன். யு.டி.எஸ்., பத்திர மொழியில் பிரிபடாத பாகம். கட்டடம் பழசாகும், மண் ஆகாது. நாங்கள் வாங்கிய ஃப்ளாட் இருப்பது நாலு கிரவுண்டு மனையில், அதாவது 9,600 சதுர அடி. ஒரே அளவில் 16 வீடுகள். ஆளுக்கு 600 வரவேண்டும். பத்திர வரைவில் 552 என்றிருந்தது.

மறுபடியும் கொதித்தேன். பதினாறு பேரிடம் 48 அடி பிடித்தால் 768 அடி யாரிடம் போனது? கேட்டபோது ஒரு தானப் பத்திர நகலை எடுத்து நீட்டினார்கள். சாலை அகலப்படுத்த உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த நிலம், சரியாக 768 அடி. கொஞ்சம் அசடு வழிந்தாலும் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எல்லா வீடுகளின் பாகத்தையும் கூட்டி மனையோடு ஒப்பிட்டு, இடிக்கும் இடத்தில் காகிதம் கேட்பது தப்பில்லை.

வரைபடத்தில் 10 அடி என்று இருந்த அறை டேப்பில் ஓர் அங்குலம் குறைந்ததற்கும் காரணம் உண்டு. செங்கல்லுக்குச் செங்கல் வரைந்திருப்பார்கள். இரண்டு பக்கமும் பூச்சு ஏறிவிடும். அலமாரியை அங்குலக் கணக்கில் செய்யக் கொடுப்பவர்கள் பூச்சு முடிந்த பிறகு அளக்கட்டும். எங்கள் தச்சரிடம் இதைச் சொன்னவரும் பெரியப்பாதான்.

குடிவந்து இரண்டு வருடமாகிறது. ஒப்பந்தத்தில் 790 என்று இருக்கிறது. சங்கத்தின் பராமரிப்புக் கட்டணம் மட்டும் மாதாமாதம் 1,050 அடிக்கு வருகிறது.