வானிலை அறிவிப்பைப் படிப்பது எவ்வாறு?

ஐப்பசி பிறந்துவிட்டால் உழவர் வீடுகளில் அன்றாடம் எழும் கேள்வி ஒன்றுண்டு. "இன்று மழை வருமா?" என்பதே அது. குறுவையை அறுத்துக் களத்தில் போட்டவரும், சம்பா நடவுக்கு நாற்றுப் பறிப்பவரும், மானாவாரி நிலத்தில் விதையுடன் காத்திருப்பவரும் இதே கேள்வியைத்தான் கேட்கின்றனர். ஆனால் ஒருவருக்கு மழை வரவேண்டும். மற்றவருக்கு இரண்டு நாள் பொறுத்து வரவேண்டும். இக்கேள்விக்கு விடையளிக்கும் விஞ்ஞானமே வானிலை இயல். வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி ஆகியவற்றின் வாயிலாக அதன் முடிவுகள் இன்று ஒவ்வொரு வீட்டையும் எட்டுகின்றன.

எனினும், "கனமழை என்றார்கள், எங்கள் ஊரில் தூறல்கூட இல்லை" என்னும் குறையைக் கிராம சபைக் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கிறோம். ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை வரும் எச்சரிக்கையைக் காதில் வாங்குவதில்லை. அந்த மறுமுறை புயலாகவோ வெள்ளமாகவோ வந்துவிட்டால், அலட்சியத்தின் விலை உயிராகவே இருத்தல் கூடும். ஆகவே, வானிலை அறிவிப்பு எவ்வாறு உருவாகிறது, அதிலுள்ள சொற்களின் பொருள் யாது, அதனைக் கொண்டு உழவரும் ஊராட்சியும் செய்யத்தக்கது யாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மழை வரும் வழி

கதிரவனின் வெப்பம் நிலத்தையும் கடலையும் ஒரே அளவில் சூடாக்குவதில்லை. சூடேறிய இடத்தில் காற்று விரிந்து மேலெழுகின்றது. அங்கே காற்றின் அழுத்தம் குறைகின்றது. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்தை நோக்கிக் காற்று வீசுகின்றது. கடலைக் கடந்து வரும் காற்று ஈரத்தைச் சுமந்து வருகிறது. அந்த ஈரக்காற்று மேலே சென்று குளிர்ந்தால் முகிலாகிறது. முகிலின் நுண்துளிகள் ஒன்றுசேர்ந்து கனத்தால் மழையாக இறங்குகின்றன.

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலேயே பொழிந்துவிடுகிறது. அக்டோபரில் காற்றின் திசை மாறி, வங்கக் கடலின் ஈரம் வடகிழக்கிலிருந்து நம் கரைக்கு வருகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்றே மாதங்களில் பெய்கின்றது. அதுவும் நாள்தோறும் சீராகப் பெய்வதில்லை. வங்கக் கடலில் தோன்றும் தாழ்வுப் பகுதிகளையும் புயல்களையும் ஒட்டியே பெருமழை கிடைக்கிறது. அவை வரும் வழி சிறிது மாறினால் ஒரு மாவட்டத்தின் மழை மற்றொரு மாவட்டத்துக்குப் போய்விடும். நம் மாநிலத்துக்கு முன்னறிவிப்புக் கூறுவதிலுள்ள முதல் இடர்ப்பாடு இதுவே.

அளவையே அடிப்படை

நம் முன்னோர் வானத்தைக் கூர்ந்து நோக்கியே பயிர் செய்தனர். நிலவைச் சுற்றி வட்டம் கட்டினால் மழை வரும் என்பர். இதற்குக் காரணம் உண்டு. உயரத்தில் பரவும் மெல்லிய முகிலிலுள்ள பனிப்படிகங்கள் நிலவொளியை வளைப்பதால் அவ்வட்டம் தோன்றுகிறது. அத்தகைய முகில் சில வேளைகளில் மழைமுகிலுக்கு முன்னோடியாக வருகிறது. ஆயினும் நம் கண்ணுக்கு எட்டும் வானம் மிகச் சிறிது. முந்நூறு கல் தொலைவில் நடுக்கடலில் திரள்வதைக் கண்ணால் காண இயலாது.

அதனைக் காண்பதற்கென அமைந்ததே இந்திய வானிலை ஆய்வுத் துறை. இத்துறை 1875-ல் நிறுவப்பட்டது. நாடெங்கும் உள்ள நிலையங்களில் வெப்பம், ஈரம், காற்றழுத்தம், காற்றின் திசையும் வேகமும், மழை ஆகியவை குறித்த நேரங்களில் ஒன்றுபோல் அளக்கப்படுகின்றன. கருவி கட்டிய பலூன்கள் விண்ணில் பறந்து மேல்வான நிலையைத் தெரிவிக்கின்றன. இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் கடல்மீதுள்ள முகில்களைப் படம் பிடிக்கின்றன. சென்னை, காரைக்கால் போன்ற இடங்களிலுள்ள ரேடார்கள் மழைமுகில் எங்கே உள்ளது, எத்திசையில் நகர்கிறது என்று காட்டுகின்றன.

இவ்வளவைகள் அனைத்தும் கணிப்பொறிக்குச் செல்கின்றன. காற்றும் ஈரமும் பௌதிக விதிகளுக்கு உட்பட்டு இயங்குவதால், இன்றைய நிலையைக் கொண்டு நாளைய நிலையைக் கணக்கிடலாம். ஆனால் இன்றைய அளவையில் உள்ள சிறு பிழை, கணக்கு நாள்தோறும் முன்னேறுகையில் பெரும் பிழையாக வளர்ந்துவிடும். இவ்வுண்மையை எட்வர்டு லாரன்ஸ் என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1963-ல் விளக்கினார். எனவேதான் நாளைக்குரிய அறிவிப்பில் வைக்கத்தக்க நம்பிக்கையைப் பத்தாம் நாளுக்குரிய அறிவிப்பில் வைத்தல் ஆகாது. ஒரு வாரத்துக்கு அப்பாற்பட்டதை மழை மிகுமா, குறையுமா என்னும் போக்காக மட்டும் கொள்க. நாளும் நேரமும் குறிக்க அதனைப் பயன்படுத்தற்க.

சொல்லின் பின்னுள்ள அளவு

வானிலை அறிவிப்பில் வரும் சொற்கள் வழக்குச் சொற்கள் போலத் தோன்றினும், அவை ஒவ்வொன்றும் அளவு குறித்தவை. "ஓரிரு இடங்களில் மழை" என்றால், அப்பகுதியிலுள்ள மழை அளக்கும் நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாத இடங்களில் மழை பெய்யும் என்பது பொருள். அதாவது, நான்கு ஊர்களில் மூன்று ஊர்களுக்கு மழை இல்லாமலே போகலாம். அப்போதும் அறிவிப்பு பொய்த்ததாகாது. "சில இடங்களில்" என்பது நான்கில் ஒரு பங்குக்கு மேல் பாதி வரை. அதற்கும் மேற்பட்ட பரப்பு எனின் "பல", "பெரும்பாலான" என்பன போன்ற சொற்கள் வரும்.

மழையின் அளவுக்கும் இத்தகைய வரையறை உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வது கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் அதிகனமழை. 24 மணி நேரம் என்பது ஒருநாள் காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரையாகும்.

காற்றுக்கும் அவ்வாறே. கடலில் சுழலும் காற்று மணிக்கு 31 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62 கிலோமீட்டரை எட்டினால் புயல் எனப் பெயர் பெறும்.

எச்சரிக்கைகள் நிறங்களாலும் குறிக்கப்படுகின்றன. மஞ்சள், விழிப்போடு கவனித்து வருக என்பதாம்; ஆரஞ்சு, ஆயத்தமாக இருக்க என்பதாம்; சிவப்பு, உடனே செயலில் இறங்குக என்பதாம். மாவட்டம் முழுமைக்கும் விடுக்கப்படும் சிவப்பு எச்சரிக்கை, ஒவ்வொரு தெருவிலும் வெள்ளம் வரும் என்று கூறுவதில்லை. எத்தெருவில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாமையால் எல்லாத் தெருக்களையும் ஆயத்தம் செய்யச் சொல்கிறது.

இதற்குச் சான்று தொலைவில் இல்லை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மாநிலத்தில் ஓராண்டு முழுதும் சராசரியாகப் பெய்யும் மழைக்கு நிகரான அளவு அது. தென்மாவட்டங்களுக்குக் கனமழை எச்சரிக்கை இருந்தது. எனினும் ஓர் ஊரில் ஒரே நாளில் எவ்வளவு கொட்டும் என்பதை முன்னரே அளந்து கூறும் நிலையை இவ்விஞ்ஞானம் இன்னும் அடையவில்லை.

எச்சரிக்கை காத்த உயிர்கள்

அவ்வாறாயின் முன்னறிவிப்பால் பயன் என்ன என்று கேட்கலாம். வங்கக் கடற்கரையின் வரலாறே அதற்கு விடை கூறும். 1964 டிசம்பரில் வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளோடு சென்ற ரயில் அலைகளுக்கு இரையாயிற்று. 1977 நவம்பரில் ஆந்திரத்தின் திவிசீமைப் பகுதியைக் கடலே மேலேறி மூடியது. இறந்தோர் சுமார் 10,000 பேர். 1999 அக்டோபரில் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலிலும் ஏறத்தாழ அத்தனை பேர் மாண்டனர்.

அதே ஒடிசாவில் 2013 அக்டோபரில் பைலின் என்னும் மிகக் கடும் புயல் கோபால்பூர் அருகே கரையைக் கடந்தது. நாட்கள் சிலவற்றுக்கு முன்பே எச்சரிக்கை வந்தது. சுமார் பத்து இலட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். உயிரிழப்பு நூற்றுக்கும் கீழே நின்றது. புயலின் சீற்றம் குறைந்ததால் கிட்டிய பயனன்று இது. அறிவிப்பு கடைசி வீடு வரை சென்றது. சென்ற அறிவிப்பை மக்கள் மதித்தனர். ஒதுங்குவதற்குக் கட்டடங்கள் ஆயத்தமாக இருந்தன. இம்மூன்றும் ஒருங்கே அமைந்தமையால் மக்கள் பிழைத்தனர். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. மரத்தை இடம்பெயர்க்க இயலாது. மனிதரையும் கால்நடையையும் இடம்பெயர்க்க இயலும். அதற்கு வேண்டிய கால அவகாசத்தைத் தருவதே முன்னறிவிப்பின் பணி.

உழவர் செய்யத்தக்கது

அறிவிப்பைக் கேட்ட உழவர், "மழை நிச்சயம் வருமா?" என்று கேட்பதினும், "வந்தால் எனக்கு இழப்பு எவ்வளவு? வராவிடில் இழப்பு எவ்வளவு?" என்று கணக்கிடுதல் நலம். பூச்சி மருந்து தெளிக்க எண்ணிய நாளில் மழைக்கு வாய்ப்பு உண்டெனில், பொறுத்தால் போவது இரண்டொரு நாள். தெளித்தபின் மழை பெய்தால் போவது மருந்தும் கூலியும். மேலுரமாக யூரியா இடுவதும் அத்தகையதே. கனமழை அதனைக் கரைத்து வாய்க்காலில் சேர்த்துவிடும். அறுவடைப் பருவத்தில் கணக்கு மாறும். முற்றிய கதிரை ஒருநாள் முந்தி அறுப்பதால் வரும் குறை சிறிது. அது நீரில் சாய்ந்து முளைத்தால் வரும் குறை பெரிது.

மானாவாரி உழவர் முதல் தூறலைக் கண்டதும் விதைத்துவிடாது, அடுத்த ஐந்து நாளைக்குரிய அறிவிப்பையும் மண்ணின் ஈரத்தையும் சேர்த்துப் பார்த்து விதைப்பாராக. இரண்டாம் மழை தாமதித்தால் முளைத்த பயிர் கருகும். விதையை மீண்டும் வாங்க நேரும்.

இடியோசை கேட்கும் அளவில் மின்னல் இருக்குமானால் வயலில் நிற்றல் கூடாது. மின்னலைக் கண்டபின் இடி கேட்க மூன்று விநாடி ஆனால் அது சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தனிமரத்தடியில் ஒதுங்குவது பேராபத்து.

ஊராட்சி செய்யத்தக்கது

2024 அக்டோபரில் மத்திய ஊராட்சி அமைச்சகமும் வானிலை ஆய்வுத் துறையும் இணைந்து, ஊராட்சி அளவில் ஐந்து நாள் முன்னறிவிப்பு வழங்கும் ஏற்பாட்டைத் தொடங்கின. இ-கிராம் சுவராஜ் இணையதளத்திலும் மேரி பஞ்சாயத்து செயலியிலும் அது கிடைக்குமாறு செய்யப்பட்டது. ஆனால் செயலியில் கிடக்கும் அறிவிப்பு கைப்பேசி இல்லாத மூதாட்டிக்கு எட்டாது. எனவே ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் பின்வருவனவற்றை மேற்கொள்வார்களாக.

முதலாவது, நாள்தோறும் காலையில் அறிவிப்பை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதுதல். எச்சரிக்கை நாட்களில் ஒலிபெருக்கி மூலம் ஒவ்வொரு குடியிருப்பிலும் அறிவித்தல்.

இரண்டாவது, முதியோர், கருவுற்ற பெண்டிர், மாற்றுத்திறனாளிகள், தாழ்ந்த பகுதியில் குடியிருப்போர் ஆகியோரின் பட்டியலைப் பருவமழைக்கு முன்பே ஆயத்தம் செய்து, யாரை யார் அழைத்துச் செல்வது என்று முடிவு செய்தல். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்னும் எண்ணை எல்லோரும் காணுமிடத்தில் எழுதிவைத்தல்.

மூன்றாவது, புரட்டாசி முடிவதற்குள் வாய்க்கால், வடிகால், ஏரி மதகு, கலிங்கு ஆகியவற்றைப் பார்வையிட்டுச் செப்பனிடுதல்.

நான்காவது, ஊருக்கென ஒரு மழைமானி வைத்தல். அண்டை ஊரில் பெய்த மழை நம் ஊரில் பெய்வதில்லை. ஆதலால் நம் ஊர்க் கணக்கை நாமே வைத்தல் வேண்டும். மழைமானியைத் திறந்த வெளியில், அருகிலுள்ள மரம் அல்லது சுவரின் உயரத்தைப் போல இரு மடங்குத் தொலைவிலேனும் நிறுவுக. குடிநீர்த் தொட்டியை நாள்தோறும் இயக்கும் பணியாளரே காலை 8.30 மணிக்கு அளவைப் பார்த்து ஏட்டில் குறிக்கலாம். மழையில்லா நாளில் சுழியம் எனக் குறித்தல் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கர் நிலத்தில் ஏறத்தாழ 4,000 லிட்டர் நீராகும். 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்கு ஓர் இலட்சம் லிட்டர். இக்கணக்கு தெரிந்தால் இறைப்பு எப்போது வேண்டும், எப்போது வேண்டாம் என்று உழவர் அறிவர். மின்சாரமும் நிலத்தடி நீரும் மிஞ்சும். சில ஆண்டு ஏடு சேர்ந்தபின், எவ்வளவு மழைக்கு எந்தத் தெருவில் நீர் ஏறும், எவ்வளவுக்கு ஏரி நிரம்பும் என்பதும் விளங்கும். மாவட்டத்துக்கு வரும் பொது எச்சரிக்கையை நம் ஊருக்குரிய எச்சரிக்கையாக மாற்றும் திறவுகோல் அந்த ஏடே.

வானத்தை ஆளும் ஆற்றல் மனிதனுக்கு இல்லை. வானம் என்ன செய்யக்கூடும் என்பதை ஓரிரு நாள் முன்னதாக அறியும் ஆற்றல் கிடைத்திருக்கிறது. பத்து எச்சரிக்கைகளில் சில நம் ஊருக்குப் பலிக்காமற் போகலாம். அந்நாட்களில் நாம் இழப்பது ஓர் இரவின் உறக்கமும் சிறிது வேலையுமே. பலிக்கும் நாளில் காக்கப்படுவது உயிர். இதனை உணர்ந்து, வரும் பருவமழைக்கு முன் கூடும் ஊராட்சி மன்றக் கூட்டத்திலேயே அறிவிப்புப் பலகை, பட்டியல், வடிகால், மழைமானி ஆகிய நான்கையும் பொருளாக எடுத்துத் தீர்மானித்து நிறைவேற்றுவீர்களாக.